குழவி இல்லாத அம்மி

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சீனிவாசலுவுக்குப் பதினான்கு வருஷமாக என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

“சிவகாசியில ஒரு மிஷினு மணிக்கு அஞ்சாயிரம் படம் அடிக்குதுங்களாமா. நீங்க நாளெல்லாம் உருண்டு பொரண்டு எட்டுத்தான் அடிக்கறீங்க. அது ஏனுங்க அப்பிடி?”

முதல் இரண்டு வருஷம் பதில் சொன்னேன். என் தொழில் கல்லச்சு. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் படம் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது. மையை உருட்டினால் நனைந்த இடத்தில் மை ஒட்டாது. மேலே காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் படம் காகிதத்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். சீனிவாசலு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அதுஞ் செரிதானுங்க. ஆனாப் பாருங்க, சிவகாசியில…” என்று மறுபடி ஆரம்பிப்பார். மூன்றாவது வருஷத்திலிருந்து “ஆமாங்க” என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பழக்கத்தில் எவ்வளவு சௌகரியம் இருந்தது என்று சொல்லி மாளாது. புரியாத ஜனங்களிடம் விளக்கிக்கொண்டிருப்பதை விட, வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவது எத்தனையோ மேல். என் மை உருட்டும் தோல் உருளையைப் பார்த்து கேஸ்காரன் கேட்டபோது சப்பாத்திக் கட்டை என்றேன். நம்பினான். அந்தத் தடிமனுக்குச் சப்பாத்தி உருட்ட ஒரு யானை வேண்டும், அதைக்கூட அவன் யோசிக்கவில்லை. படச்சுருளை அனுப்பப் போனபோது தபாலாபீஸில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். கட்டட பிளான் என்றேன். அதையும் நம்பினார்கள். நான் வேலை பார்த்த மில் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் என்னை டிராயிங் மாஸ்டர் ரங்கராஜ் என்றுதான் அறிவார்கள். சாயங்காலம் வீட்டில் என்ன செய்கிறேன் என்று ஒருவர் கேட்டதற்கு, டியூஷன் எடுக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அவருக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது.

படம் வாங்க வருகிறவர்கள் இவர்களை விட மோசம். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸிலிருந்து ஓர் அம்மாள் காரில் வந்தார். முழுக்கக் கறுப்பாக இருந்த என் மில் புகைபோக்கிப் படத்தைப் பத்து நிமிஷம் கண் இமைக்காமல் பார்த்தார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு, “இதே பச்சையில வருமா? எங்க சோபா பச்சை” என்றார். தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிப்பட்ட ஊரில்தான் தொண்ணூற்றைந்தாம் வருஷம் பங்குனியில் சீனிவாசலு வந்து, பாப்பநாயக்கன்பாளையத்து வீட்டை இடித்துக் கீழே நாலு கடையும் மேலே ஒரு மண்டபமும் கட்டப்போவதாகச் சொன்னார். “ஆடி பொறந்துட்டா யாரும் குடி போகமாட்டாங்க. அதனால நீங்க ஆனிக்குள்ளாற கெளம்பீட்டாப் போதுமுங்க” என்றார். என்மேல் அவருக்கு அத்தனை அக்கறை. மண்டபத்துக்கு அவர் மகள் பெயரை வைக்கப்போகிறாராம். அந்த மகளுக்குத் தன் பெயரையே பிழையில்லாமல் எழுத வராது, நான்தான் அவளுக்கு டிராயிங் வாத்தியார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் என் மனைவி ராமாமணியின் அக்கா சாமியாத்தாள் இருந்தார். அவர் வீட்டுக்காரர் மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு வீடு சும்மா கிடந்தது. கூடத்துக்குப் பக்கத்தில் என் அச்சு எந்திரத்தை வைக்கத் தோதாகச் சிமெண்டுத் தளம் போட்ட ஓர் அறையும் இருந்தது. சொந்தக்காரர் நிழலில் போய் ஒதுங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதிலும் அந்த அக்கா வீட்டில் எல்லாச் சுவரிலும் காலண்டர். போன வருஷத்துக் காலண்டரைக்கூடப் படம் நன்றாக இருக்கிறது என்று கழற்றாமல் வைத்திருக்கிற குடும்பம் அது. ஆனால் எனக்கு வேண்டிய கருவேலம்பிசினைத் தோட்டத்து வேலியிலிருந்து பொறுக்கி, தூசி தட்டி, டப்பாவில் போட்டு வருஷா வருஷம் அனுப்பியவரும் அவர்தான். அதைக் கரைத்துக் கல்லின்மேல் பூசினால்தான் படம் நிற்கும். பிசின் எதற்கு என்று அவர் கேட்டபோது லட்டு பிடிக்க என்று சொல்லியிருந்தேன்.

வீட்டில் முதலில் மூட்டை கட்ட வேண்டியது என் படங்கள். பதினேழு வருஷத்துப் படங்கள், நானூற்றுச் சொச்சம். பங்குனியிலேயே ராமாமணி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

“ஏனுங்க, கோழிக்கடைக்காரரு இருக்கறாரு. அவிநாசித் தேரு மூணு பக்கத்துலருந்து இருக்குது. சீனிவாசலு ஊட்டு எருமைகூட இருக்குது. நான் எங்கீங்க?”

“கட்டுன பொண்டாட்டிய வரையறது ஸ்டுடியோக்காரன் வேலை அம்மணி” என்றேன்.

“ஸ்டுடியோக்காரன் கூப்புட்டிருந்தாப் போயி உக்காந்திருப்பேனுங்க. நீங்க கூப்புடவே இல்லியே.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீடு மாற்றுகிற அவசரத்தில் இது என்ன புதுக் கோரிக்கை. பதினேழு வருஷத்தில் அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. ஒரு படம்தானே, போகட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொன்னேன். ஒரு சின்னப் படமாகக் கிறுக்கிக் கொடுத்துவிட்டால் வாய் அடங்கும் என்பதுதான் என் எண்ணம்.

கல்லில் வரைவது காகிதத்தில் வரும்போது இடம் வலம் மாறிவிடும். மூக்குத்தி தப்பான பக்கம் வந்துவிடும் என்று அவளுக்கு ஒரே கவலை. அதனால் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பார்த்து வரைந்தேன். நான் அவள் முதுகுப் பக்கம் இருந்தேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், நானும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். நேருக்கு நேர் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஏதாவது வெடுக்கென்று சொல்லியிருப்பேன்.

வரைகிற கட்டியை நானே காய்ச்சுவேன். தேன்மெழுகு, சோப்பு, ஆட்டுக்கொழுப்பு, விளக்குக்கரி எல்லாம் சேர்த்துக் காய்ச்சினால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அந்த முறை மிருதுவாக ஒரு பதம் வந்துவிட்டது. கோட்டைமேட்டு முகமது யூசுப் பாய், மில் நூல் மூட்டைகளுக்கு லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த காலத்துக் கல்லொன்றை எனக்குக் கொடுத்திருந்தார். ஒன்றே முக்கால் அடிக்கு ஒன்றேகால் அடி, நாலு அங்குல கனம், சாம்பல் நிறம். அதை மணல் போட்டு ஒரு வாரம் கையால் தேய்த்திருந்தேன். உள்ளங்கையை வைத்தால் வழுக்கும். உள்ளங்கையை வைக்கவும் கூடாது, கைப்பசை பட்ட இடம் அப்படியே அச்சில் வந்துவிடும்.

இரண்டு ஞாயிறில் முடிய வேண்டியது பதினோரு ஞாயிறு ஆனது. ராமாமணியின் முகத்தில் வலது புருவம் இடது புருவத்தை விடக் கொஞ்சம் ஏறியிருக்கும். எந்நேரமும் யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். அது எனக்கு அத்தனை வருஷமும் தெரியாது. கீழுதட்டில் ஒரு சின்னத் தழும்பு. கேட்டேன். சின்ன வயசில் கிணற்று மேட்டில் விழுந்ததாம். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. பதினோராவது ஞாயிறு எழுந்து நின்று பார்த்தபோது, நான் அதுவரை செய்ததெல்லாம் வெறும் பயிற்சி என்று தெரிந்தது. டில்லியில் ஆவணி மாதம் நடக்க இருந்த ஒரு கண்காட்சியின் படிவம் மேஜையில் கிடந்தது. இதைத்தான் அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டேன்.

ராமாமணிக்கு டில்லியெல்லாம் பொருட்டில்லை. “பால் காச்சற அன்னைக்கி ஒறம்பரை சொந்தமெல்லாம் வருவாங்க. கூடத்துல ஒண்ணு மாட்டோணும்” என்றாள். அக்காவுக்குப் போன் செய்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தும் விட்டாள். அன்றிலிருந்து என்னைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஆனால் அச்சடிக்க நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். அங்கங்கே தொட்டுத் திருத்தி, அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் கல்லிலிருந்து கையை எடுத்தேன். கோடைபோல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியில் போகும்போது வரைந்த கட்டி இளகிச் சாக்கில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் போச்சு. அதனால் பிசினைப் பூசிக் காயவைத்து, மேலே இருந்த கறுப்பையெல்லாம் டர்பன்டைனால் துடைத்து எடுத்தேன். இது இந்தத் தொழிலில் உள்ள ஒரு வித்தை. பார்த்தால் கல் வெறுமையாக இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் டீ சிந்திய மாதிரி ஒரு கறை தெரியும், அவ்வளவுதான். படம் கல்லுக்குள் இறங்கியிருக்கும். மறுபடி மையை உருட்டினால் மேலே வந்துவிடும். நான் துடைத்ததைப் பார்த்து ராமாமணி பதறிப்போனாள். “பயப்படாதே, உள்ளதான் இருக்கறே” என்றேன். பிறகு கல்லைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை மட்டடார் வேன் வந்தது. அதன் டிரைவர், சுமைக்காரர், முதலாளி மூன்றும் காளிச்சாமி என்கிற ஒரே ஆள்தான். ஐம்பது வயதிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி கேட்கிற ஜாதி. அச்சு எந்திரத்தைக் கழற்ற லேத்துக்காரர் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அதனால் முதல் நடையில் பாத்திரம் பண்டங்களோடு கல்லையும் அனுப்பிவிட்டு, நாங்கள் சனிக்கிழமை எந்திரத்தோடு போவதாக ஏற்பாடு. கல்லோடு நானும் போயிருக்கலாம். அந்த மட்டடாரில் காளிச்சாமியின் டேப்ரிகார்டரைக் கேட்டுக்கொண்டு இருபது கிலோமீட்டர் போவதை நினைத்தாலே தலைவலித்தது.

“அக்காவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன், கல்லுல படம் இருக்குதுன்னு” என்றாள் ராமாமணி.

“எழுதிட்டா உங்கக்காவுக்குப் புரிஞ்சுரப்போகுதா?” என்றேன். அவள் உள்ளே பாத்திரம் கட்டப் போய்விட்டாள்.

அன்று காலையிலிருந்து அந்தக் கல்லைப் பற்றி நாலு பேர் கேட்டிருந்தார்கள். சீனிவாசலு, இதைத் தன் மண்டபத்துப் படிக்குத் தரமுடியுமா என்றார். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆர்.ஐ., சமாதிக்கு வைக்கிற கல்லா என்றார். அதெல்லாம் முடிந்து காளிச்சாமி கல்லைத் தூக்கித் தோளுக்குக் கொண்டுபோகும்போது சாக்கு ஓரத்தில் விலகியது.

“ஏனுங்க சார், இது என்ன கல்லுங்க?”

“அம்மி” என்றேன்.

“பெரிய அம்மியா இருக்குதுங்களே.”

“பெரிய குடும்பம்.”

“கொழவி எங்கீங்க?”

“தொலைஞ்சுபோச்சு” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. “அம்மிய மட்டும் பத்தரமா எறக்கிப்போடு. கீழ கீழ போட்றாதே.”

“அதெப்படிங்க போடுவனுங்க” என்று சொல்லி, கல்லைப் பூப்போல வேனில் இறக்கி, சுற்றிலும் தன் போர்வையைத் திணித்தார். அந்த மட்டில் அவருக்கு ஒரு நல்ல மார்க் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எந்திரத்தின் பாகங்களை ஏற்றிக்கொண்டு அதே மட்டடாரில் பெரியநாயக்கன்பாளையம் போய் இறங்கினோம். டேப்ரிகார்டர் வழியெல்லாம் கத்தியது. சாமியாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டார். வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, மாவிலை கட்டி வைத்திருந்தார். என் பேரில் இருந்த ஆசையால் கூடத்தில் ஒரு காலண்டரும் மாட்டியிருந்தார்.

“வாங்க மாப்ள. வா கண்ணு” என்று ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல அடுப்படிக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்.”

அடுப்படியில் ஜன்னலுக்குக் கீழே என் கல் கிடந்தது. முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தது. மேலே ஒரு புதுக் குழவி. மஞ்சளுக்கு அடியில் கல்லின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக உளி விழுந்திருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஓர் இடம் பாக்கியில்லை.

“எஞ்சாமி, இத்தன நாளா இந்தக் கல்லுலயா கண்ணு நீ அரைச்சுப்போட்டு இருந்தே?” என்று சாமியாத்தாள் தங்கையைப் பார்த்துக் கேட்டார். அவர் கண்ணே கலங்கிவிட்டது. “தேஞ்சு கண்ணாடியாட்டம் ஆயிருச்சு. கை வெச்சா வழுக்கீட்டுப் போவுது. கொழவியும் தொலைஞ்சு போச்சுன்னாங்களே, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? புது ஊட்டுக்கு மொண்ணக் கல்லோட போகக்கூடாதுன்னு மாசாணிய வரச்சொல்லிக் கொத்திப்போட்டேன். கொழவி என்ற பங்குக்கு.”

மாசாணியம்மாள் என்கிற அம்மி கொத்துகிற பெண் பின்கட்டில் சாமியாத்தாளின் ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தாள். பேச்சைக் கேட்டு உளியோடு எட்டிப் பார்த்தாள்.

“அந்தக் கல்லு உங்குளுதுங்களா?” என்று என்னிடம் கேட்டாள். “உங்கள யாரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்க. அது கருங்கல்லே கெடையாதுங்க. உளிய வெச்சா மெத்துங்குது, சுண்ணாம்பாட்டம். உட்டாத் தூளாயிருமேன்னு மேலாப்புலதான் கொத்துனேன். அதுல அரைச்சீங்கன்னா சட்னியில பாதி மண்ணுதான் இருக்கும்.”

கல்லைப் பற்றிச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கல் என்று கண்டால் அரைப்பதைத் தவிர வேறு தெரியாத ஜென்மங்கள் என்றேன். பம்ப்புக்கும் காலண்டருக்கும் நடுவில் வாழ்கிற உங்களுக்கு மூளை என்று ஒன்று வேண்டியதே இல்லை என்றேன். மில் முதலாளிகளிலிருந்து எருமை மேய்க்கிறவன் வரை இந்தச் சீமையில் ஒருத்தனுக்கும் கண் கிடையாது என்றேன். சாமியாத்தாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மெதுவாகச் சொன்னார்.

“அம்மின்னு நீங்கதான மாப்ள சொல்லியுட்டீங்களாமா.”

ராமாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், எந்திரத்தின் சக்கரத்தை இறக்கிக்கொண்டிருந்த காளிச்சாமியைக் கூப்பிட்டாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, இந்தக் கல்ல என்னன்னு சொன்னாங்க உங்ககிட்ட?”

“அம்மின்னாருங்க. பெரிய குடும்பத்து அம்மின்னாரு. கொழவி எங்கீங்கன்னு கேட்டேன், தொலைஞ்சுபோச்சுன்னாரு.” அவர் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?” என்றார்.

“இல்லீங்கண்ணா. அது என்ற படமுங்க.”

காளிச்சாமி கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அதுலீங்களா?” என்றார். “படம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மடியில வெச்சுக் கொண்டாந்திருப்பனுங்களே அம்மணி.”

எல்லோரும் போனபிறகு அவள் அடுப்படியில் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ற பொண்டாட்டி படம்னு சொல்ல உங்குளுக்கு வாய் வரலீங்களா?”

“அவனுக்கு விளக்குனா மட்டும் புரிஞ்சுரவா போகுது” என்றேன். பழக்கதோஷம்.

“பொண்டாட்டி படம்ங்கறதுல புரியாமப் போறதுக்கு என்னங்க இருக்குது?”

அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, மறுநாள் பால் காய்ச்ச வேண்டிய பாத்திரத்தைத் தேடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் நாற்பது பேர் வந்தார்கள். “படம் மாட்டியிருக்கறேன்னயே அம்மணி, எங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். “அதுக்கு இன்னும் நாளாகுமுங்க” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அன்று யாரையும் பார்த்து எனக்கு இளக்காரம் வரவில்லை. சாமியாத்தாள் எனக்கு மட்டும் தனியாக இலை போட்டு, இனிப்பை இரண்டு தடவை வைத்தார். அதைச் சாப்பிடுவது மாதிரி ஒரு தண்டனை இருக்க முடியாது.

புதன்கிழமை லேத்துக்காரர் வந்து எந்திரத்தைப் பூட்டிக் கொடுத்தார். நான் கல்லை அடுப்படியிலிருந்து எடுத்தேன். தேய்த்து அழித்துவிட்டு வேறு ஏதாவது வரைவதுதான் யோசனை. மஞ்சளைக் கழுவியபிறகு என்னவோ தோன்றியது. பிசினைப் பூசி, நனைத்து, மையை உருட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று தடவை உருட்டியதும் புருவம் வந்தது. பிறகு மூக்குத்தி, பிறகு உதடு. மாசாணியம்மாள் மேலாகத்தான் கொத்தியிருந்தாள். குழிகளுக்கு இடையில் இருந்த இடமெல்லாம் முகத்தை அப்படியே வைத்திருந்தது. காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தேன். ராமாமணியின் முகம் வந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை அம்மை வார்த்த மாதிரி வெள்ளைப் புள்ளி.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அப்போது சந்தோஷம்தான் வந்தது. முதல் படத்தை விட இது பத்து மடங்கு மேல் என்று தெரிந்தது. புள்ளிகளுக்குப் பின்னாலிருந்து அந்த ஏறிய புருவம் பார்க்கிறவனைக் கேள்வி கேட்டது. டில்லியில் இதற்குப் பக்கத்தில் வேறெவன் படமும் நிற்காது. ஈரம் காய்வதற்குள் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

“பாரு அம்மணி, வந்துருச்சு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“நல்லா இருக்குதுங்களா?” என்று என்னையே கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குது. இது மாதிரி நான் செஞ்சதே இல்லை.”

“உங்குளுக்குப் புடிச்சுதுன்னா அனுப்புங்க.”

“கூடத்துல மாட்ட இன்னொண்ணு வேணா வரையறேன். ஞாயித்துக்கெழமை உக்காரு.”

“ஞாயித்துக்கெழமை அக்காளும் நானும் மேட்டுப்பாளையம் போறமுங்க.”

“அதுக்கடுத்த ஞாயிறு.”

“வேண்டாமுங்க. கூடத்துல அக்கா மாட்டுன காலண்டர் இருக்குது.”

அவள் குரலில் கோபமே இல்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரல்தான். நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று மேஜையிலிருந்த டில்லிப் படிவத்தை எடுத்துவந்தேன். அதில் படத்தின் தலைப்பு என்று ஓர் இடம் இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, “இதுல உன்ற பேரையே எழுதிப்போடறேன். ராமாமணி, கல்லச்சு, கோயமுத்தூர்” என்றேன்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

“டில்லிக்காரங்களுக்கு அதையெல்லாம் எதுக்குங்க வெளக்கிக்கிட்டு? அம்மின்னே எழுதிப்போடுங்க.”